செய்தியோடை வரையறைகள்: ஆக்கியோனும் வழியும் நூற்பெயரும்

ஒரு நூலை ஆராயப் புகுவார் அதனை ஆக்கியோன் யார், அஃது எந்நூலின் வழிவந்தது, அதன் பெயர்க்குக் காரணம் யாது என்பனவற்றை முதற்கண் தெளிதல் வேண்டும் என்பது நம் பாயிர மரபு. சிறப்புப் பாயிரத்திற்குக் கூறப்பட்ட எட்டனுள் இம்மூன்றும் அடங்கும். இவ்வினாக்கள் பழைய இலக்கண நூல்களுக்கே உரியன, நம் காலத்து நூல்களுக்கு வேண்டா எனச் சிலர் கருதக்கூடும். ஆசிரியர் பெயர் அட்டையிலும் ஆண்டு உட்புறத்திலும் அச்சாகி இருக்கையில் ஐயத்திற்கு இடம் ஏது என்பது அவர் கருத்து. இக்கருத்து எல்லாவிடத்தும் பொருந்துவதன்று. 1999ஆம் ஆண்டிற்கும் 2005ஆம் ஆண்டிற்கும் இடையே தோன்றிய ஒரு சிறு நூற்றொகுதியில் ஆக்கியோன், வழி, நூற்பெயர் ஆகிய மூன்றுமே வழக்கிற்கு உள்ளாயின. ஆக்கியோர் உயிரோடிருந்து தத்தம் கட்சியை எழுதி நிலைநாட்ட முயன்றும் வழக்கு முடிவு பெறவில்லை. இணையதளங்கள் தம்பால் வெளிவரும் புதியவற்றைப் பிறர்க்கு அறிவிக்கும் ஓடைகளை எவ்வாறு அமைத்தல் வேண்டும் என விதிக்கும் வரையறைகளே அத்தொகுதியாகும்.

ஓடை என்பது யாது எனச் சுருங்கக் கூறி மேற்செல்வோம். ஓர் இணையதளத்தில் புதிதாக ஒரு கட்டுரை வெளிவந்ததை அறிய வேண்டின், அத்தளத்தினை நாள்தோறும் சென்று பார்த்தல் வேண்டும். ஐம்பது தளங்களைப் படிப்பவர்க்கு இஃது இயலாது. ஆகவே தளத்தை நடத்துவோர் தம் கட்டுரைகளின் தலைப்பு, முகவரி, சுருக்கம், நாள் ஆகியவற்றை மட்டும் நிரல்படத் தொகுத்து, எக்ஸ்.எம்.எல். என்னும் குறிமொழியில் எழுதிய ஒரு கோப்பினை மாறாத ஒரு முகவரியில் வைக்கின்றனர். கட்டுரை சேருந்தோறும் அக்கோப்புப் புதுக்கப்படும். இக்கோப்பே ஓடை எனப்படுவது. படிப்பவரிடம் உள்ள மென்பொருள் குறித்த இடைவெளியில் அம்முகவரிக்குச் சென்று கோப்பினைப் பெற்று, முன் கண்டவை இவை, காணாதவை இவை எனப் பிரித்துக் காட்டும். இம்மென்பொருளைத் திரட்டி என்பர். ஓடை, திரட்டி என்னும் இரண்டும் தமிழ்க் கணினி வழக்கில் நிலைபெற்றுவிட்ட நல்ல சொற்கள். ஆங்கிலத்தில் ஓடைக்கு வழங்கும் சொல் கால்நடைக்கு இடும் தீவனத்தையும் குறிப்பது என்பதை நோக்க, நம்மவர் சொல்லாக்கமே பொருட்சிறப்பு உடையது எனலாம்.

ஈண்டு ஒன்று கருதற்பாலது. தளத்தார் எதனையும் எவர்க்கும் அனுப்புவதில்லை, வைத்திருக்கின்றனர், வேண்டுவோர் சென்று எடுத்துக்கொள்கின்றனர். படிப்பவர் தம் பெயரையோ முகவரியையோ தளத்தார்க்குத் தர வேண்டுவதில்லை. இருவர்க்கும் இடையே தரகர் எவரும் இல்லை. தரகர் இல்லாத இடத்தில் இருவரையும் பிணைப்பது வரையறை ஒன்றே ஆதலின், அவ்வரையறை ஐயத்திற்கு இடமின்றி இருத்தல் இன்றியமையாதது. வரையறை பிழைபடின் ஓடை அமைத்தவர்க்குத் தெரியாமலேயே படிப்பவரிடம் பாடம் சிதையும். இவ்வாராய்ச்சியின் பயன் இதனால் விளங்கும்.

ஓடை வரையறைகளுள் மிகப் பரவியது ஆர்.எஸ்.எஸ். எனப்படுவது. (இம்மூன்றெழுத்தும் நம் நாட்டில் வேறோர் அமைப்பிற்கும் பெயராயினும் அதனோடு ஈண்டு இயைபு ஒன்றும் இல்லை.) இதன் பதிப்புகள் 0.9, 0.91, 0.92, 1.0, 2.0 என எண்ணிட்டு வழங்குகின்றன. எண்களை மட்டும் நோக்குவார், இவை ஒரு கொடிவழியில் வந்தன என்றும், 1.0ஐத் திருத்திச் செம்மை செய்தது 2.0 என்றும் கருதுவர். இதுவே இயல்பான எண்ணமாயினும் பிழையானது. 2.0 என்பது 1.0இன் வழிநூல் அன்று. இரண்டும் ஒரு முதல்நூலினின்று பிரிந்த இரு கிளைகள். பிரிந்த காலத்துப் பகையும் உடையன. இதனை நிறுவுதற்கு முதல்நூலிலிருந்து தொடங்குவோம்.

முதல்நூல் 1999 மார்ச்சுத் திங்களில் நெட்ஸ்கேப் நிறுவனம் வெளியிட்ட ஆர்.எஸ்.எஸ். 0.9 ஆகும். ஆக்கியோர் இராமநாதன் குகா, டேன் லிப்பி என்னும் இருவர். குகா 1986இல் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் இயந்திரப் பொறியியற் பட்டம் பெற்று அமெரிக்கா சென்றவர். அறிவினைக் கணினிக்கு உணர்த்தும் முறைகளை ஆராய்ந்தவர். ஆப்பிள் நிறுவனத்தில் அவர் இருந்த காலத்து 1995 முதல் அமைத்த 'மெட்டா கன்டென்ட் ஃபிரேம்ஒர்க்' என்னும் அமைப்பு, இணையப் பக்கங்களின் உள்ளடக்கத்தைப் பற்றிய செய்திகளை எழுதி வைப்பதற்கு உரியது. 1997இல் அவர் நெட்ஸ்கேப்பிற்குச் சென்றபின், டிம் பிரே என்பாருடன் சேர்ந்து அதனை எக்ஸ்.எம்.எல். உருவிற்கு மாற்றினார். ஆர்.டி.எஃப். என்னும் பெருவரையறை தோன்றுவதற்கு அதுவும் ஒரு வாயில் ஆயிற்று. பொருள்களைப் பற்றிய கூற்று ஒவ்வொன்றையும் எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என மூன்றாகப் பகுத்து எழுதுதல் ஆர்.டி.எஃப்.இன் கொள்கை. இலக்கணம் பயின்றார்க்கு இஃது எளிதிற் புலப்படும். நிரலர் பலர்க்குப் புலப்படவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

ஓடை போன்ற முயற்சிகள் அதற்கு முன்னும் இருந்தன. 1997இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 'சேனல்' என்னும் பெயரால் ஒரு வரையறையை உலகளாவிய வலைக் கூட்டமைப்பிடம் அளித்தது. அதே ஆண்டு டிசம்பரில் யூசர்லேண்ட் என்னும் சிறு நிறுவனத்தை நடத்திய டேவ் வைனர் தம் தளத்திற்கெனத் தனியே ஓர் எக்ஸ்.எம்.எல். வடிவத்தை வகுத்தார். முன்னது நெடுநாள் நிலைக்கவில்லை. பின்னது இவ்வரலாற்றிற்கு மிக வேண்டுவது.

நெட்ஸ்கேப் 0.9ஐ வெளியிட்டதன் நோக்கம் குறுகியது. 'மை நெட்ஸ்கேப்' என்னும் வாயிற்பக்கத்தில், படிப்பவர் தாம் விரும்பிய தளங்களின் தலைப்புகளைக் கட்டங்களாக அடுக்கிக்கொள்ளலாம். அக்கட்டங்களை நிரப்புவதற்குத் தளத்தார் தம் தலைப்புகளை ஒரு நெறிப்படி எழுதித் தருதல் வேண்டும். அந்நெறியே 0.9. அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'ஆர்.டி.எஃப். தளச் சுருக்கம்' என்று பொருள்படுவது. அதன் முதலெழுத்துக்களே ஆர்.எஸ்.எஸ். ஆயின. எனினும் அஃது ஆர்.டி.எஃப்.இன் முன்வரைவு ஒன்றைத் தழுவியதேயன்றி, 1999 பிப்ரவரியில் முடிவான ஆர்.டி.எஃப். நூலோடு முற்றும் ஒத்ததன்று. ஆகவே முதல்நூல் பிறந்தபொழுதே அதன் பெயருக்கும் யாப்பிற்கும் சிறிது மாறுபாடு இருந்தது என்க.

நான்கு திங்கள் கழித்து, 1999 சூலையில், லிப்பி 0.91ஐ வெளியிட்டார். இதில் ஆர்.டி.எஃப். உறுப்புகள் களையப்பட்டன, வைனர் தம் வடிவத்தில் வைத்திருந்த உறுப்புகள் சில சேர்க்கப்பட்டன. ஆர்.டி.எஃப். நீங்கினமையின் பழைய விரிவு பொருந்தாதாயிற்று. ஆதலின் 'வளமிக்க தளச் சுருக்கம்' எனப் பெயர் மாற்றப்பட்டது. மூன்றெழுத்து மட்டும் மாறவில்லை. ஓர் ஓடையில் 15 உருப்படிகளுக்கு மேல் இருத்தலாகாது என்னும் எல்லை இப்பதிப்பில் உண்டு. வாயிற்பக்கத்துக் கட்டத்தின் அளவை மனத்திற்கொண்டு இட்ட எல்லை என்பது வெளிப்படை. லிப்பி இதனை இடைக்காலத்து ஏற்பாடாகவே கருதினார். மேற்கொண்டு செய்யத்தக்கவற்றை விளக்கி ஒரு குறிப்பும் எழுதி வைத்தார். அக்குறிப்பு நிறைவேறவில்லை. நெட்ஸ்கேப்பை 1999இல் ஏ.ஓ.எல். நிறுவனம் வாங்கியது, அதன்பின் ஓடை வேலை நின்றது. 2001 ஏப்ரலில் வாயிற்பக்கத்தினின்று ஆர்.எஸ்.எஸ். எடுக்கப்பட்டது; வரையறை நூலும் துணைக்கருவிகளும் உடன் அகற்றப்பட்டன. தாய் நிறுவனம் தன் நூலைத் தானே மறந்தது.

நூலை ஆக்கியோர் கைவிட்டனர். நூலோ வழக்கில் பரவிவிட்டது. இந்நிலையில் அதனைத் திருத்தும் உரிமையும் பெயரைத் தாங்கும் உரிமையும் யாருக்கு உரியன? இவ்வினாவே பின்வந்த பிளவு முழுவதற்கும் வேர்.

முதலில் கைநீட்டியவர் வைனர். 2000 சூனில் அவர் 0.91ஐத் தம் நிறுவனத்தின் பெயரால் மீண்டும் எழுதி வெளியிட்டு, ஆவணத்தின் பதிப்புரிமை தம்முடையது எனக் குறித்தார். எண் 0.91 என்றே இருந்தது. ஆயினும் நெட்ஸ்கேப்பின் பாடத்திற்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. நெட்ஸ்கேப் தன் நூலோடு டி.டி.டி. என்னும் ஓர் இணைப்பை வைத்திருந்தது. உருப்படிகள் எவ்வாறு அமைய வேண்டும் என்பதோடு, ஐரோப்பிய மொழிகளில் வரும் சிறப்பெழுத்துக்களைக் குறிப்பதற்கு உரிய பெயர்களும் அதில் வரையறுக்கப்பட்டிருந்தன. வைனர் அவ்விணைப்பை நீக்கிவிட்டார். அதனால் பிரெஞ்சு எழுத்து ஒன்றைப் பெயர்க்குறியால் எழுதிய ஓடை நெட்ஸ்கேப் 0.91இன்படி வழுவற்றது, யூசர்லேண்ட் 0.91இன்படி எக்ஸ்.எம்.எல். ஆகவே கொள்ளத்தகாதது. ஒரே பெயரும் ஒரே எண்ணும் பூண்ட இரு பாடங்கள் இவ்வாறு ஏற்பட்டன. பாடவேறுபாடு காண்பது ஏடெழுதுவோரின் அயர்ச்சியால் மட்டும் நேர்வது என்று எண்ணியிருப்பார்க்கு இது நல்லதொரு மறுப்பு.

அதே ஆண்டில் மற்றொரு குழுவினர் எழுந்தனர். ஓரெய்லி பதிப்பகத்தைச் சார்ந்த இரேல் டார்ன்ஃபெஸ்ட் முன்னின்றார். முதல்நூலாசிரியருள் ஒருவராகிய குகாவும் அக்குழுவில் இருந்தார். 1986 நவம்பரில் பிறந்து அப்பொழுது பதினான்காம் அகவையை எய்தியிருந்த ஏரன் சுவார்ட்சும் அதில் ஒருவர். களைந்த ஆர்.டி.எஃப்.ஐ மீண்டும் சேர்க்க வேண்டும், பெயர்வெளி என்னும் முறையால் எவரும் தமக்கு வேண்டிய புதிய உறுப்புகளை நூலைக் குலைக்காமல் இணைத்துக்கொள்ள வழி செய்ய வேண்டும் என்பன அவர்தம் கொள்கைகள். நூலகத்தார் பயன்படுத்தும் 'டப்ளின் கோர்' உறுப்புகளை ஓடையில் இணைத்தற்கு வழி ஏற்பட்டது இதனாலேயே. 2000 டிசம்பரில் அவர்கள் தம் நூலை வெளியிட்டு, ஆர்.எஸ்.எஸ். 1.0 என்று பெயரிட்டனர். வைனர் உடன்படவில்லை. எளிமையே 0.91இன் வெற்றிக்குக் காரணம், ஆர்.டி.எஃப். அவ்வெளிமையைக் கெடுக்கும், வேறு நூல் செய்வோர் வேறு பெயர் இடுக என்பது அவர் கட்சி. அதே டிசம்பரில் அவர் 0.92ஐ வெளியிட்டார். அதில் உருப்படிகளின் தொகைக்கு இருந்த எல்லை நீக்கப்பட்டது.

இருவர் கட்சியிலும் நியாயம் உண்டு. 1.0 குழுவினர், முதல்நூல் ஆர்.டி.எஃப். வழிப்பட்டது, பெயரின் முதல் விரிவும் அதுவே, முதலாசிரியரும் எம்முடன் இருக்கின்றார், ஆகவே மூலத்திற்கு மீள்வோர் யாமே எனக் கூறுதல் கூடும். வைனரோ, வழக்கில் நின்றது 0.91, அதன் உறுப்புகளுட் பல என் வடிவத்தினின்று கொண்டவை, தளத்தார் பயில்வதும் அதனையே, ஆகவே வழக்கொடு நிற்பவன் யானே எனக் கூறலாம். மூலத்திற்கு மீள்வதோ வழக்கொடு நிற்பதோ எதுவாயினும் ஆகுக, எண்ணிடுவதில் 1.0 குழுவினர் செய்தது தவறு என்பதே என் கருத்து. 0.91ஐப் படித்துப் பழகிய மென்பொருள் 1.0ஐப் படிக்க இயலாது. உறுப்புகளின் அடைவே வேறு. 0.91ஐ அடுத்து 1.0 என எண்ணிட்டமையால், முன்னதன் முதிர்ந்த பதிப்பே பின்னது எனப் பார்ப்பார் மயங்க நேர்ந்தது. சார்புநூல் ஒன்றினை வழிநூல் எனக் காட்டியது போலும் இது. வைனர் மீதும் குறை உண்டு. அவர் நிறுவனம் ஆர்.எஸ்.எஸ். என்னும் பெயரை அமெரிக்காவில் வணிகக் குறியாகப் பதிவு செய்ய விண்ணப்பித்தது; அலுவலர் எழுப்பிய வினாவிற்கு விடையளிக்காமையின் 2001 டிசம்பரில் அது தள்ளப்பட்டது. பெயரைப் பொதுவில் வைக்க வேண்டும் என்றவர் அதனைத் தமக்கு உரித்தாக்க முயன்றதும் வரலாற்றில் இடம்பெறுதல் வேண்டும்.

இடையே 0.93, 0.94 என்னும் இரண்டு வரைவுகள் தோன்றி நிலைபெறாது மறைந்தன. 2002 செப்டம்பரில் வைனர் அடுத்த நூலை வெளியிட்டார். 1.0 என்னும் எண் பிறரால் கொள்ளப்பட்டுவிட்டமையின், அவர் 2.0 என எண்ணிட்டார். 'மெய்யாகவே எளிய பகிர்வு' என்று பொருள்படுமாறு மூன்றெழுத்திற்கு விரிவும் மாறியது. இனி வழியை அறுதியிடுதல் எளிது. 2.0இல் ஆர்.டி.எஃப். இல்லை, 0.91, 0.92 ஆகியவற்றின் உறுப்புகளும் அடைவும் அவ்வாறே உள்ளன. முதல்நூல் 0.9, அதன் திரிபு 0.91, அதனின்று 0.92 வழியாக வந்தது 2.0. மற்றொருபால் 0.9இன் கொள்கைக்கு மீண்டது 1.0. எனினும், பெயர்வெளியைக் கொண்டு புதிய உறுப்புகளை இணைக்கும் முறை 2.0இலும் உள்ளது. அது 1.0இல் முன்பே நடைமுறைக்கு வந்தது. பகைவர் நூலாயினும் கொள்ளத்தக்கதைக் கொள்ளுதல் நூலாசிரியர்க்கு இயல்பே. 2003 சூலையில் 2.0 வரையறையின் பதிப்புரிமை ஹார்வர்டுப் பல்கலைக்கழகத்தின் பெர்க்மன் மையத்திற்கு மாற்றப்பட்டு, ஆக்கியோன் பெயர் சுட்டி எவரும் எடுத்தாளத்தக்க உரிமத்தின்கீழ் வைக்கப்பட்டது. நூலின் உரிமை வணிக நிறுவனத்தின் கையினின்று நீங்கியது அப்பொழுதுதான்.

இது நிற்க. வழியும் பெயரும் தெளிந்தபின் நூலின் உள்ளே புகுவோம். நன்னூலார் கூறும் குற்றம் பத்தனுள் குன்றக் கூறல், மயங்க வைத்தல் என்னும் இரண்டும் 2.0க்கு உண்டு. இதனை ஒரு சான்றால் விளக்குவேன். ஓடையில் வரும் சுருக்கவுரை வெறும் எழுத்தாகவும் இருக்கலாம். தடிப்பெழுத்து, இணைப்பு முதலியவற்றைக் காட்டும் ஹெச்.டி.எம்.எல். குறிகளோடும் இருக்கலாம். சுருக்கவுரையில் அக்குறிகள் மறைகுறியீட்டால் வரலாம் என 2.0 ஒப்புகின்றது. தலைப்பில் வரலாமா, ஆகாதா என்பது பற்றி அஃது ஒன்றும் கூறவில்லை. ஒருவர் தடிப்பெழுத்துக்குரிய குறியைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதி, கோண அடைப்புக்குள் அக்குறியை வைத்து அதனைத் தலைப்பின் முதற்சொல்லாக இட்டார் என்க. அவர் எக்ஸ்.எம்.எல். விதிப்படி கோண அடைப்புகளை மறைகுறியீட்டால் எழுதி ஓடையில் வைக்கின்றார். தலைப்பு வெறும் எழுத்தே எனக் கொள்ளும் திரட்டி அதனை உள்ளவாறு காட்டும். தலைப்பிலும் குறி வரும் எனக் கொள்ளும் திரட்டியோ, அம்முதற்சொல்லைக் குறியாகவே எண்ணி விழுங்கிவிட்டு, எஞ்சியதைத் தடித்த எழுத்தில் காட்டும். கட்டுரை எதைப் பற்றியதோ அச்சொல்லே தலைப்பினின்று மறைந்துபோகும். பிழைச்செய்தி ஒன்றும் எழாது; எழுதியவர்க்கும் தெரியாது, படிப்பவர்க்கும் தெரியாது. சிதைந்த ஏட்டில் துளையேனும் காணப்படும். இங்கு அதுவும் இல்லை. இரண்டு திரட்டிகளும் வரையறையை மீறவில்லை என்பதுதான் இதில் கருதத்தக்கது. நூற்பா வாய்மூடி இருக்க, உரையாசிரியர் இருவர் இருவேறு பொருள் கொண்டனர்.

இத்தகைய மயக்கங்கள் பெருகின. 2004இல் மார்க் பில்கிரிம் என்னும் நிரலர் அதுவரை வெளிவந்த ஆர்.எஸ்.எஸ். பதிப்புகளை ஒப்புநோக்கி, ஒன்றோடொன்று முழுதும் ஒவ்வாத பதிப்புகள் ஒன்பது என எண்ணிக் காட்டினார். 2.0இன் ஆசிரியர் தம் நூல் உறைந்தது, இனித் திருத்தப்படாது எனக் கூறிவிட்டமையின், ஐயங்களை நூலுள்ளேயே தெளிவித்தற்கும் வழி அடைபட்டது. திருத்தப்படாத நூலைத் தழுவியோர் நம்பிக்கையுடன் மென்பொருள் எழுதலாம் என்பது உறைவித்ததன் நன்மை. அந்நன்மை உண்மையே. ஆயினும் தெளிவில்லாத நூலை உறைவித்தல் தெளிவின்மையையும் உடன் உறைவித்தலாக முடிந்தது.

ஆகவே மூன்றாவது நூல் ஒன்று வேண்டப்பட்டது. 2003 சூனில் சாம் ரூபி என்பார் இம்முயற்சியைத் தொடங்கினார். பெயர் பற்றிய வழக்கினின்று தப்புதற்கு அவர்கள் ஆர்.எஸ்.எஸ். என்னும் எழுத்துக்களையே துறந்தனர். 'பை' என்றும் 'எக்கோ' என்றும் சில நாள் அழைத்துப் பின்னர் அணுவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைப் பெயராகக் கொண்டனர். அச்சொல்லைத் தமிழில் ஒலிபெயர்த்தால் விளையாட்டைக் குறிக்கும் 'ஆட்டம்' என்பதனோடு மயங்கும். ஆதலின் ஈண்டு 'அணு' என்றே வழங்குவோம். 2004 சூனில் இணையப் பொறியியல் பணிக்குழுவின்கீழ் இதற்கென ஒரு செயற்குழு அமைந்தது. மார்க் நாட்டிங்காம், இராபர்ட் சேயர் இருவரும் பதிப்பாசிரியர். நூல் 2005 டிசம்பரில் ஆர்.எஃப்.சி. 4287 என்னும் எண்ணுடன் வெளிவந்தது. தனியொருவர் பெயராலோ வணிக நிறுவனத்தின் பெயராலோ அன்றிப் பொதுக்கழகத்தின் பெயரால் எழுந்த முதல் ஓடை நூல் இது.

மேற்காட்டிய தலைப்பு மயக்கத்தை அணு நூல் ஒரு சொல்லால் தீர்க்கின்றது. தலைப்பாயினும் சுருக்கமாயினும், வெறும் எழுத்தா, ஹெச்.டி.எம்.எல்.ஆ, எக்ஸ்.ஹெச்.டி.எம்.எல்.ஆ என எழுதுவோரே குறிப்பிடலாம். குறிப்பிடாவிடில் வெறும் எழுத்து என்றே கொள்ளப்படும். நாள் குறிப்பதிலும் வேறுபாடு உண்டு. 2.0 தழுவியது 1982இல் மின்னஞ்சலுக்கென எழுந்த ஆர்.எஃப்.சி. 822 முறை; அதில் கிழமையும் திங்களும் ஆங்கிலச் சுருக்கப் பெயர்களால் வரும். அணு தழுவிய முறையில் ஆண்டு, திங்கள், நாள், நேரம் யாவும் எண்களே.

இவற்றினும் முதன்மையானது அடையாளம் பற்றிய விதி. திரட்டி ஓர் உருப்படியை முன் கண்டதா அன்றா எனத் துணிவது எதனால்? தலைப்பினால் எனின், ஆசிரியர் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தியவுடன் அது புதிய கட்டுரையாகத் தோன்றும். முகவரியினால் எனின், தளம் வேறிடத்திற்கு மாறியவுடன் பழையன யாவும் புதியனவாய் வந்து குவியும். 2.0 இதற்கெனத் தனி அடையாளம் ஒன்றை ஏற்படுத்தியது. ஆயினும் விழைந்தோர் இடலாம், விழையாதோர் விடலாம் என்றது. அணு நூலில் அடையாளம் கட்டாயம். தளம் இடம் மாறினும் கட்டுரை திருத்தப்படினும் அவ்வடையாளம் மாறலாகாது என்பதும் விதி. ஓடை அமைப்போர் எந்நூலைத் தழுவினும் இவ்வொன்றை மட்டும் அணு நூலார் சொற்படி செய்தல் நன்று. அவ்வாறு செய்யாத தளங்கள் தம் மென்பொருளை மாற்றும்பொழுது, படிப்பவர் திரட்டியில் பழைய கட்டுரைகள் அனைத்தும் ஒரே நாளில் புதியனவாக வெளிப்படுவதைக் காணலாம்.

தமிழ் ஓடைகளைப் பற்றியும் ஈண்டு ஒரு சொல். 1990களின் பிற்பகுதியில் தமிழ் இணையதளங்கள் வெவ்வேறு எழுத்துருக் குறியீடுகளைக் கையாண்டன; தளத்தாரின் எழுத்துருவைப் படிப்பவர் இறக்கிக்கொண்டால் பக்கம் விளங்கும். ஓடையில் இது செல்லாது. ஓடையில் பயணம் செய்வது பாடமேயன்றி எழுத்துரு அன்று. பல தளங்களின் பாடங்களைத் திரட்டி தன் எழுத்துருவொன்றால் காட்டும். ஆதலின் எல்லாரும் ஒரே குறியீட்டில் எழுதினாலன்றித் திரட்டுதல் இயலாது. எக்ஸ்.எம்.எல். ஒருங்குறியை அடிப்படையாகக் கொண்டமையின், தமிழ் ஓடைக்கும் ஒருங்குறியே வழியாயிற்று. 2004இல் தொடங்கிய 'தமிழ்மணம்' என்னும் திரட்டி உலகெங்கும் தமிழில் எழுதுவோரின் தலைப்புகளை ஓரிடத்தில் காட்ட முடிந்தமைக்கு ஓடையும் ஒருங்குறியும் உடன் வளர்ந்தமையே காரணம் என்பது என் துணிபு.

தெளிவால் அணு சிறந்தது எனின், வழக்கில் 2.0 ஏன் நிலைத்தது என ஒருவர் வினவலாம். இதற்கு விடை 0.92இல் வைனர் சேர்த்த ஒரு சிற்றுறுப்பில் உள்ளது. உருப்படியோடு ஓர் ஒலிக்கோப்பின் முகவரியையும் அளவையும் வகையையும் இணைத்தற்கு உரிய உறுப்பு அது. ஆடம் கறி என்பார் அளித்த எண்ணத்தைத் தழுவி 2000இல் சேர்க்கப்பட்டது. சேர்த்தபொழுது பெரிதும் பயன்படவில்லை. 2004இல் இதனைக் கொண்டு ஒலிநிகழ்ச்சிகளைப் பரப்பும் முறை எழுந்தது; அதுவே பாட்காஸ்ட் எனப்படுவது. 2005 சூனில் ஆப்பிள் நிறுவனம் தன் ஐடியூன்ஸ் மென்பொருளில் இதனை ஏற்றது. அணு நூல் முடிவானது அவ்வாண்டின் டிசம்பரில். ஆறு திங்கள் பிந்திய நூல் ஒலியுலகில் இடம்பெற முடியவில்லை. இன்றும் பாட்காஸ்ட் நிகழ்ச்சிகள் 2.0 ஓடையாலேயே வழங்கப்படுகின்றன. தெளிவான நூலினும் முந்திய நூலுக்கு வழக்குத் துணைநிற்பது புதிதன்று.

திரட்டிகளின் வரலாறு வேறு. 2005 அக்டோபரில் தொடங்கிய கூகிள் ரீடர் என்னும் திரட்டி பெரும்பாலோர் நாடியதாய் விளங்கி, 2013 சூலை முதல்நாள் நிறுத்தப்பட்டது. ஃபயர்ஃபாக்ஸ் உலாவி தன்பால் வைத்திருந்த ஓடை வசதியை 2018 டிசம்பரில் நீக்கியது. இவற்றைக் கண்டு ஓடை அழிந்தது என எழுதினார் உளர். நிறுத்தப்பட்டவை திரட்டிகள், ஓடைகள் அல்ல. கூகிள் ரீடரில் இருந்தோர் தம் ஓடை முகவரிகளின் பட்டியலை எடுத்துக்கொண்டு வேறு திரட்டிகளுக்குச் சென்றனர். தளத்தார் ஒரு சொல்லும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. இடையில் இருந்தவர் நீங்கியும் இருபாலாரும் பிணைந்தே இருத்தல், வரையறை பொதுவில் இருந்தமையால் கூடிற்று.

இன்று ஓடை அமைக்கப் புகுவார் எண்ணைக் கண்டு மயங்காமல் இருத்தல் வேண்டும். ஒலிநிகழ்ச்சி எனின் 2.0 அன்றி வேறு வழியில்லை. எழுத்து மட்டும் எனின் அணுவே தக்கது. தலைப்பில் கோண அடைப்பும் கணிதக் குறியும் வரும் ஆய்வுத் தளங்களுக்கு அதுவே பொருந்தும். தமிழ் விக்கிப்பீடியாவின் 'அண்மைய மாற்றங்கள்' பக்கத்திற்கு உரிய ஓடை அணு வடிவில் கிடைக்கின்றது. அதன் கோப்பினைத் திறந்து நோக்குவார், ஒவ்வோர் உருப்படியிலும் அடையாளமும் நாளும் பாடத்தின் வகையும் குறிக்கப்பட்டிருத்தலை நேரிற் காணலாம்.